எந்த போர்டில் உட்காரலாம்? சேலத்துப் பெண்களுக்கு என் கணக்கு

"அக்கா, டைரக்டரா வாங்கன்னு மூணு கம்பெனியில கூப்பிடுறாங்க. எதுக்கு சரின்னு சொல்றது?"

போன மாதம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இப்படிக் கேட்டவர், ஒரு காலத்தில் என்னோடு வங்கியில் வேலை பார்த்தவர். பிறகு ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போய், இன்று அதன் நிதிப் பிரிவுக்கே தலைவராக இருக்கிறார். வயது 48. கணக்கில் புலி. இயக்குநர் குழு கூடும் போர்டு ரூமுக்குள் இதுவரை திரையில் கணக்கு விளக்கம் காட்டத்தான் போயிருக்கிறார், உட்காரப் போனதில்லை.

அந்த மூன்றில் முதலாவது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுத் தொழில் செய்யும் ஒரு குடும்பத்தின் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இரண்டாவது, ஏற்காட்டில் காப்பியும் மிளகும் விளைவிக்கும் சிறு விவசாயிகள் சேர்ந்து வைத்திருக்கும் உற்பத்தியாளர் கம்பெனி. அவர்களுக்கு ஒரு நிபுணர் இயக்குநர் வேண்டுமாம். மூன்றாவது அழைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனி பெண் இயக்குநர் தேடுகிறது, பெயரைக் கொடுத்து வையுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நான் 33 வருஷம் வங்கியில் இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு மூன்று விதமான போர்டுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் அன்று சாயங்காலம் முழுக்கப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சேலத்தில் இந்தக் கேள்வியோடு இருக்கும் பெண்கள் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எல்லாரும் முதலில் கேட்பது எந்த போர்டு பெரியது, எதற்கு மதிப்பு அதிகம், எவ்வளவு தருவார்கள் என்பதுதான். நான் கேட்பது வேறு. கூட்டத்துக்கு 7 நாள் முன்னால் காகிதம் உங்கள் கைக்கு வருமா? கம்பெனிச் சட்டப்படி போர்டு கூட்டத்துக்கு 7 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதோடு அஜெண்டாவும், ஒவ்வொரு விஷயத்துக்கும் விளக்கக் குறிப்பும் வர வேண்டும். அது வருகிற இடத்தில் நீங்கள் இயக்குநர். வராத இடத்தில் உங்கள் கையெழுத்து மட்டும்தான் இயக்குநர். மூன்று அழைப்பையும் இந்த ஒரு தராசில்தான் நிறுத்தினேன்.

செவ்வாய்ப்பேட்டைக் குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு முதலில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி அழைப்புதான். தெரிந்த குடும்பம், மரியாதையான மனிதர்கள். "நீங்க இருந்தா பேங்க்ல ஒரு நம்பிக்கை வரும்மா" என்பார்கள். தேர்வு கிடையாது, நேர்காணல் கிடையாது. சம்மதப் படிவத்தில் ஒரு கையெழுத்து, இயக்குநர் அடையாள எண், டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு டோக்கன், அவ்வளவுதான். பிரைவேட் கம்பெனியில் பெண் இயக்குநர் கட்டாயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அது உங்கள் புத்தியா, உங்கள் பெயரா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற புதிதில் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒரு குடும்பக் கம்பெனியில் சேர்ந்தேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பென் டிரைவ் மாதிரிதான் இருக்கும். "ஆடிட்டர் ஆபீஸ்லயே இருக்கட்டும்மா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றார்கள், கொடுத்துவிட்டேன். பிறகு ஒருநாள் வேறு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனபோது பார்த்தேன். ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னக் கவர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் பின் நம்பர். என் பெயரும் அதில் இருந்தது. 14 மாதத்தில் எனக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் எல்லாக் கூட்டத்துக்கும் நான் வந்ததாக இருந்தது. நான் "வந்திருந்த" ஒரு கூட்டத்தில் கம்பெனி கூடுதலாகக் கடன் வாங்கத் தீர்மானம் போட்டிருந்தது.

வங்கியில் கடன் பிரிவில் எத்தனையோ முறை இந்தக் காட்சியை மேசைக்கு மறுபக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். கணவரோடோ மாமனாரோடோ வந்து, "எங்க போடணும்?" என்று கேட்டு, நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகும் டைரக்டர் அம்மாக்கள். தனிப்பட்ட முறையில் ஜாமீன் கொடுக்கிறோம் என்பதே அதில் பல பேருக்குத் தெரியாது. படித்துக் காட்ட வேண்டியவள் நான். அவசரத்தில் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டாமல் விட்டேனோ என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

பிரைவேட் கம்பெனியின் ஆபத்து அதில்தான் இருக்கிறது. கம்பெனி கட்டாத வருமான வரியை, ஜிஎஸ்டியை, கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாவிட்டால், பிரைவேட் கம்பெனி இயக்குநர்களிடம் நேரடியாகக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. தன் அலட்சியம் அதற்குக் காரணம் இல்லை என்று நிரூபிப்பது அந்த இயக்குநரின் பொறுப்பு. மூன்று வருஷம் தொடர்ந்து கம்பெனி கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் 5 வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் நியமனம் பெற முடியாது. 2017-ல் மத்திய அரசு இதைக் கறாராக அமல்படுத்தியபோது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் ஒரே வீச்சில் தகுதி இழந்தார்கள். நீங்கள் நாளைக்குப் பெரிய போர்டுக்குப் போக ஆசைப்பட்டால், வழியை அடைக்க இந்தக் கறை ஒன்றே போதும்.

குடும்பக் கம்பெனி எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் போர்டு நடத்தி, வெளியிலிருந்து வந்த இயக்குநரின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த விஷயத்துக்குப் போகும் ஜவ்வரிசி ஆலைக் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பணத்தைத் தங்கள் பையிலிருந்து போட்டவர்களோடு உட்கார்ந்து பேசும்போது கற்றுக்கொள்கிற தொழிலை எந்தப் பெரிய போர்டும் கற்றுத் தராது. ஆனால் பங்கு முழுக்க அவர்கள் கையில். சாதாரணத் தீர்மானம் ஒன்று போட்டால் நீங்கள் வெளியே. கேள்வி கேட்பவரைத் தாங்குகிற மனசு அந்த வீட்டுப் பெரியவருக்கு இருக்கிறதா என்பதை நம்பித்தான் அந்த நாற்காலி நிற்கிறது.

அடுத்து, எல்லாரும் கனவு காணும், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டம் வந்த பிறகுதான் இந்தக் கதவு திறந்தது. பங்குச்சந்தையில் இருக்கும் எல்லாக் கம்பெனிக்கும், அதில் இல்லாவிட்டாலும் 100 கோடி ரூபாய் செலுத்தப்பட்ட மூலதனமோ 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ உள்ள பப்ளிக் கம்பெனிக்கும், குறைந்தது ஒரு பெண் இயக்குநர் கட்டாயம். ஆரம்பத்தில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். பல கம்பெனிகளில் முதலாளியின் மனைவியும் மகளும் மருமகளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வங்கியாளர் உதய் கோட்டக் தலைமையிலான குழு 2017-ல் அறிக்கை கொடுத்ததற்குப் பிறகு, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதியை இறுக்கியது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகள் 2019 ஏப்ரல் 1-க்குள்ளும், முதல் 1,000 கம்பெனிகள் 2020 ஏப்ரல் 1-க்குள்ளும் ஒரு பெண்ணைச் சார்பற்ற இயக்குநராக, அதாவது இண்டிபெண்டன்ட் டைரக்டராக, வைத்தாக வேண்டும் என்றது. வீட்டுப் பெண்ணை வைத்து அந்த இடத்தை நிரப்ப முடியாது. முதலாளிக்குச் சொந்தம் இருக்கக் கூடாது, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்திருக்கக் கூடாது, பெரிய அளவில் பண உறவு இருக்கக் கூடாது.

காகிதக் கணக்கில் பார்த்தால் இங்கே குறையே சொல்ல முடியாது. கம்பெனி செக்ரட்டரி இருப்பார், குறிப்புகள் நேரத்துக்கு வரும், சில சமயம் 300 பக்கம் வரும். தணிக்கைக் குழு தனியாக உட்காரும். நிர்வாகத்தை வெளியே வைத்துவிட்டுச் சார்பற்ற இயக்குநர்கள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தனக்குத் தெரிந்து நடந்ததற்கும், சம்மதித்ததற்கும், கவனமாக இல்லாமல் விட்டதற்கும் மட்டும்தான் சார்பற்ற இயக்குநர் பொறுப்பு என்று சட்டமே வேலி போட்டிருக்கிறது. முதல் 1,000 கம்பெனிகள் இயக்குநர்களுக்குப் பொறுப்புக் காப்பீடும் எடுக்க வேண்டும். கூட்டத்தில் கலந்துகொள்வதற்கான சிட்டிங் ஃபீஸ் ஒரு கூட்டத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கலாம். பெண் இயக்குநருக்கும் சார்பற்ற இயக்குநருக்கும் மற்ற இயக்குநர்களைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் வாசல் குறுகலானது. முதலில் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் கீழ் வரும் ஐஐசிஏ என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும், சார்பற்ற இயக்குநர்களுக்கான தரவு வங்கியில் பெயரைப் பதிய வேண்டும். 2019 டிசம்பரில் தொடங்கியது அது. பதிந்த பிறகு 2 வருஷத்துக்குள் இணையவழித் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பட்டியலிட்ட கம்பெனியிலோ, 10 கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனம் உள்ள பப்ளிக் கம்பெனியிலோ 3 வருஷம் இயக்குநராகவோ முக்கிய நிர்வாக அதிகாரியாகவோ இருந்தவர்களுக்குத் தேர்வு இல்லை. 10 வருஷம் தொழில் நடத்தும் வழக்கறிஞர்களுக்கும் பட்டயக் கணக்காளர் (சி.ஏ.), கம்பெனி செக்ரட்டரி (சி.எஸ்.), செலவுக் கணக்காளர் (சி.எம்.ஏ.) ஆகியோருக்கும் விலக்கு உண்டு. தேர்வு கஷ்டம் இல்லை, ஒரு மாதம் ஒழுங்காகப் படித்தால் போதும்.

தேர்வில் தேறிவிட்டால் அழைப்பு வந்துவிடும் என்று மட்டும் நினைக்கக் கூடாது. தரவு வங்கியில் பெயர் இருப்பது வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது மாதிரி. பெயரைத் தேர்ந்தெடுப்பது அந்தந்தக் கம்பெனியின் நியமனக் குழு. அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரிய வேண்டும், அல்லது தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்களுக்கு அந்த அறிமுகம் கிளப்பிலும் தொழிலதிபர் சங்க மேடையிலும் தானாகக் கிடைக்கிறது. சேலத்துப் பெண் அதற்காக மெனக்கெட வேண்டும். சம்பந்தம் ஸ்பின்னிங் மில்ஸ் மாதிரி சேலத்தையே தலைமையிடமாகக் கொண்டு பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே கண்ணை ஊர் எல்லையோடு நிறுத்தக் கூடாது. வீடியோ வழியாகவும் கூட்டத்தில் கலந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இங்கே இன்னொரு படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், பலர் கவனிக்காத படி அது. பங்குச்சந்தையில் இல்லாத பப்ளிக் கம்பெனி. பெயரின் கடைசியில் 'பிரைவேட்' என்ற சொல் இல்லாமல் வெறும் 'லிமிடெட்' என்று முடியும். 10 கோடி ரூபாய் மூலதனம், 100 கோடி ரூபாய் விற்றுமுதல், 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இரண்டு சார்பற்ற இயக்குநர்கள் வேண்டும். ஜவுளி, ஸ்டார்ச், மருத்துவமனை என்று ஈரோடு, நாமக்கல், கரூர் வரை தேடினால் இந்த வகையில் சில கம்பெனிகள் தேறும். போட்டி குறைவு. கூட்டம் நடக்கும் இடத்துக்குப் பேருந்திலேயே போய் வந்துவிடலாம். மூலதனம் 10 கோடிக்குக் குறையாமல் இருந்தால், இங்கே உட்காரும் 3 வருஷம் தேர்வு விலக்குக்கும் கணக்கில் வரும். சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்.எம்.இ. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும் இதே மாதிரிதான். அங்கே செபி விதிகளில் சில தளர்வு உண்டு, ஆனாலும் பெண் இயக்குநர் வேண்டும். என்னைக் கேட்டால், வெளியூர்ப் பெரிய கம்பெனிக்குப் பெயரை அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பதைவிட இந்தக் கதவுகளைத் தட்டுவது மேல்.

இப்போது ஏற்காடு. இந்த இடத்தில் நான் நடுநிலையாகப் பேச மாட்டேன். அந்த மலையில் வேறொரு உற்பத்தியாளர் கம்பெனியில் நான் நிபுணர் இயக்குநராக இருந்திருக்கிறேன். நான் போர்டு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

உற்பத்தியாளர் கம்பெனிக்குக் கம்பெனிச் சட்டத்திலேயே தனி அத்தியாயம் இருக்கிறது. குறைந்தது 5 இயக்குநர்கள், அதிகம் 15. உறுப்பினருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். ஆண்டுக்கு 4 கூட்டம் கட்டாயம், இங்கேயும் 7 நாள் நோட்டீஸ். நிபுணர் இயக்குநர்களை போர்டே சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் மொத்த இயக்குநர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது 5 பேர் போர்டில் நீங்கள் ஒருவர்தான். தலைவர் தேர்தலில் மட்டும் உங்களுக்கு ஓட்டு இல்லை.

20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கூட்டம் ஒரு கிட்டங்கியில், பிளாஸ்டிக் நாற்காலியில். எனக்கு முதல் கூட்டத்தில் கொடுத்த கணக்கு ஒரே ஒரு தாள். அதில் மிளகு வரவு ஒரு எண், இருப்பும் விற்பனையும் சேர்ந்து வேறு எண். நடுவில் மூன்றில் இரண்டு பங்கு காணோம். யாரோ கையாடல் செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வங்கிக்காரி புத்தி அது. சத்தம் போடாமல், "இந்த வித்தியாசம் எப்படி வந்தது?" என்று கேட்டேன். மேனேஜர் தடுமாறினார். அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, அரை ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர், இயக்குநர்களில் ஒருவர், சொன்னார்: "பச்சை மிளகு மூணு கிலோ காயப்போட்டா ஒரு கிலோதாங்க தேறும். வாங்கும்போது பச்சையா எடை போட்டு எழுதிட்டாங்க, விக்கும்போது காஞ்சதை எழுதியிருக்காங்க."

பச்சையையும் காய்ந்ததையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கே பதிவேட்டில் இரண்டு கட்டம் போட்டோம். அடுத்த கூட்டத்திலிருந்து அந்த அம்மா தாளை வாங்கியதும் முதலில் அந்த இரண்டு கட்டத்தைத்தான் பார்த்தார். கேள்வி கேட்க எனக்குத் தெரிந்தது, பதில் அவருக்குத் தெரிந்தது. ஒரு போர்டு எதற்காக இருக்கிறது என்று எனக்குப் புரிந்த நாள் அது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பணம் என்று பெரிதாக எதுவும் வராது, பல சமயம் பெட்ரோல் செலவே உங்களுடையது. காகிதம் நேரத்துக்கு வர வேண்டும் என்றால் முதல் ஆறு மாதம் நீங்களே போன் செய்து நினைவுபடுத்த வேண்டியிருக்கும். இங்கே இருந்த வருஷங்கள் தேர்வு விலக்குக் கணக்கில் சேராது. நியமனக் குழுவில் இருக்கும் சிலர் இதை ஒரு போர்டாகவே மதிக்க மாட்டார்கள். அது அவர்கள் அறியாமை. ஆனாலும் அப்படி ஓர் அறியாமை இருப்பது உண்மை.

கூட்டுறவுச் சங்கமும் பொதுத்துறையும் வேறு வழி. ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைக்காரர்களுக்காக 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் மாதிரி கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு வர, நீங்கள் உறுப்பினராக இருந்து தேர்தலில் ஜெயிக்க வேண்டும். ஆலை நடத்தும் பெண்களுக்கு அது நல்ல களம், அவர்கள் நின்றே ஆக வேண்டும் என்பேன். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு அது திறக்காது. தேர்தல் நடக்காத காலத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர்தான் எல்லாம். சேலம் உருக்காலை, மத்திய அரசின் பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயிலின் ஓர் ஆலை. போர்டு டெல்லியில், நியமனம் மத்திய அரசின் கையில். நம் ஊர் ஆலை என்பதால் நமக்கு ஒரு வழி வந்துவிடாது.

அவரிடம் நான் சொன்னது இதுதான். ஏற்காட்டுக்குச் சரி என்று சொல். இந்த மாதமே தரவு வங்கியில் பெயரைப் பதிந்துகொள், 2 வருஷம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் ஆறு மாதத்தில் தேர்வை எழுதிவிடு. அதற்கு முன்னால் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் எழுத்தில் அனுமதி வாங்கு. வாய்ச்சொல் போதாது. பட்டியலிட்ட கம்பெனிக்குக் கொடுக்கும் சுயவிவரத்தில் வகித்த பதவிகளை அடுக்காதே. அந்நியச் செலாவணி இழப்பை எப்படிக் குறைத்தாய், வராக்கடனை எப்படி வசூலித்தாய் என்று இரண்டு பக்கத்தில் எழுது. தணிக்கைக் குழுவுக்கு ஆள் தேடுபவர்கள் அதைத்தான் படிப்பார்கள்.

கொலுசுக் குடும்பத்துக்கு? மூன்று நிபந்தனை. டோக்கன் என் கைப்பையில் இருக்கும். நோட்டீஸும் குறிப்பும் 7 நாள் முன்னால் என் மின்னஞ்சலுக்கு வரும். எந்தக் கடனுக்கும் தனி ஜாமீன் போட மாட்டேன். மூன்றுக்கும் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி அந்தக் கம்பெனியின் பழைய தாக்கல்களையும் அடமானப் பதிவுகளையும் பார்த்துவிட்டு முடிவு செய். முகத்தைச் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள். நான் அந்தக் கம்பெனியிலிருந்து விலகிய விதத்தையும் சொன்னேன். ராஜினாமாவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டு, கம்பெனி செய்யட்டும் என்று காத்திராமல் கம்பெனிப் பதிவாளரிடம் நானே தனியாகப் படிவம் தாக்கல் செய்தேன். அப்போதும் நான் இருந்த காலத்துக்கான பொறுப்பு என்னை விட்டுப் போகவில்லை.

இதைப் படிக்கும் பெண்களில் பலர் ஏற்கெனவே இயக்குநர்கள் என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கம்பெனியில், கணவரின் பெயருக்கு அடுத்து உங்கள் பெயர் இருக்கிறது. உங்களுக்கு நான் வேறு போர்டு தேடித் தரப் போவதில்லை. இன்றைக்கே ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய், உங்கள் டோக்கனை வாங்கி, பின் நம்பரை மாற்றுங்கள். கடைசி இரண்டு வருஷத்து பேலன்ஸ் ஷீட்டும் மினிட்ஸும் கேளுங்கள். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று யாராவது கேட்டால், நான் டைரக்டர், எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். நாளைக்கு வெளியே ஒரு போர்டில் உட்கார ஆசைப்படும் பெண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

கொலுசுக் குடும்பம் முதல் இரண்டு நிபந்தனைக்குச் சரி என்றதாம், மூன்றாவதுக்கு யோசித்துச் சொல்கிறோம் என்றதாம். போன வாரம் ஏற்காட்டில் முதல் கூட்டம் முடிந்து, மலை இறங்குவதற்கு முன்பே அவர் எனக்குப் போன் செய்தார்.

"காகிதம் ஏழு நாளைக்கு முன்னாடியே வந்துடுச்சுக்கா. நாலு தாள். அதுல இதர முன்பணம்னு ஒரு வரி, எனக்குப் புரியல."

"கேட்டியா?"

"கேட்டேன். யார் யாருக்குக் குடுத்ததுன்னு அடுத்த கூட்டத்துக்குப் பட்டியல் கொண்டு வரணும்னு மினிட்ஸ்ல எழுத வச்சிட்டேன்."